பெரிய பெயர் பிறகும் வரலாம்

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் எமது வீடுகளில் மாசி தொடங்கி வைகாசி முடியும்வரை ஒரே கதைதான். எந்தக் கம்பஸில் இடம் கிடைத்தது, எது இன்னும் பதில் போடவில்லை, போகிற இடத்துக்குக் காசு எவ்வளவு முடியும் என்பதை விட்டால் வேறு பேச்சு அந்த நாட்களில் எடுபடாது. இங்கு ஒன்ராறியோவில் ஜூன் மாதத் தொடக்கத்தில் பிள்ளை தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து நாலைந்து வருடங்களே ஆன குடும்பங்களுக்கு அந்தச் சில கிழமைகள் பெரிய சோதனை. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் தூரத்திலிருந்து கூப்பிடுகிறது. கையில் உள்ள காசோ பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குத்தான் காணும். எதை விடுவது, எதை எடுப்பது?

இந்தக் கேள்வியோடு நாங்களும் பல இரவுகள் விழித்திருந்தவர்கள். எடுத்த முடிவையும், அதன் பின்னர் அறிந்துகொண்டவற்றையும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்படும் என்று நினைக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். கம்பஸ் என்பது எமக்கு வெறுமனே ஒரு படிப்பிடத்தின் பெயர் அல்ல. 1970களில் வந்த தரப்படுத்தலினால் பேராதனையையும் கட்டுபெத்தையையும் சில புள்ளிகளில் தவறவிட்டவர்கள் எமது குடும்பங்களில் இருக்கிறார்கள். பின்னர் யுத்தம் வந்து, சோதனை எழுத இருந்த பிள்ளைகளையே புத்தகத்தோடு இடம்பெயர வைத்தது. ஆகவே ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரும்போது அதைப் பிள்ளை மட்டும் வாசிப்பதில்லை. தகப்பன் தன் பழைய பெறுபேற்றையும் சேர்த்தே வாசிக்கிறார். தாய், தான் பாதியில் விட்ட படிப்பை நினைத்துக்கொள்கிறாள். எங்களுக்குக் கிடைக்காமற்போனதைப் பிள்ளையின் கணக்கில் எழுதக்கூடாது என்று நாங்கள் இருவரும் முதலில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சொல்வது சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

எங்கள் மூத்த மகளுக்கு உயிரியலில் விருப்பம். நோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவளுடைய ஆசை. அவளுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று, கிங்ஸ்ரன் நகரில் 1841 இல் தொடங்கப்பட்ட குயீன்ஸ் பல்கலைக்கழகம். மற்றது, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம். அது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். படிப்புக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வித்தியாசம் தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும்தான். கிங்ஸ்ரன் இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் வேண்டும். நாலு வருடத்தில் அது 40,000 டொலரைத் தாண்டிவிடும்.

எங்களில் ஒருவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மற்றவருக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. ஊரில் இருக்கும் வயதானவர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் காசை நிற்பாட்ட முடியாது. இளையவன் அப்போது ஏழாம் வகுப்பு. எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் கிங்ஸ்ரன் காணாமல்தான் வந்தது.

ஸ்காபரோ என்று முடிவெடுத்த கிழமை உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஏன், வேறை இடம் கிடைக்கேல்லையோ?" அவர் அக்கறையோடுதான் கேட்டார். ஆனால் அதன் பிறகு வீட்டில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. கடைசியில் மகள்தான் வாய் திறந்தாள்.

"போகமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை அம்மா. இப்ப போகேல்லை எண்டுதான் சொல்லுறன். முதல் டிகிரி இஞ்சை. அடுத்ததைப் பிறகு பாப்பம்."

அந்தப் "பிறகு பாப்பம்" என்ற சொல்தான் எங்களைப் பயப்படுத்தியது. பிறகு பார்ப்போம் என்று நாம் தள்ளிவைத்த எத்தனையோ காரியங்கள் அப்படியே கிடக்கின்றன. ஆகவே தள்ளிவைத்தது கைவிட்டதாகப் போய்விடாமல் இருக்க என்ன வேண்டும் என்று தேடித் திரிந்தோம். பள்ளிக்கூட ஆலோசகரிடம் கேட்டோம். முன்னர் படித்து முடித்த எம்மவர் பிள்ளைகளிடமும் கேட்டோம்.

முதலில் தெரியவந்தது, பெயரைப்பற்றி எம்மவரிடையே உள்ள கணக்குக்கும் உண்மைக்கும் இடையில் உள்ள தூரம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வளாகங்கள் உண்டு. நகரின் நடுவிலுள்ள சென் ஜோர்ஜ் வளாகத்தைத்தான் எம்மவர் பெரிதாகச் சொல்வார்கள். 1964 இல் ஒரு கல்லூரியாகத் தொடங்கிய ஸ்காபரோவிலும், மேற்கே மிசிசாகாவிலும் படித்து முடிப்பவர்களுக்கும் கிடைப்பது அதே ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பட்டந்தான். பொறியியலை எடுத்துக்கொண்டால், கனடியப் பொறியியல் தரச்சான்றுச் சபை அங்கீகரித்த பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினதாக இருந்தாலும் தொழில் அனுமதிக்கு வேண்டிய கல்வித் தகைமை ஒன்றே. தாதியர் படிப்பிலும் எங்கே பட்டம் எடுத்தாலும் இறுதியில் எழுதும் அனுமதிப் பரீட்சை ஒன்றுதான்.

பெயர்களும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ரொறன்ரோ நகரின் நடுவில் இருந்த ரயர்சன், 1948 இல் ஒரு தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கியது. 1993 இல் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. 2020 இல் சட்டக் கல்லூரி தொடங்கியது. 2022 இல் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் என்று பெயரே மாறிவிட்டது. 2025 இல் பிரம்ரன் நகரில் மருத்துவக் கல்லூரியும் திறந்துவிட்டது. பொலிரெக்னிக் என்று ஒரு காலத்தில் எம்மவர் தள்ளிவைத்த இடத்தில் இப்போது வைத்தியத்துக்கே படிக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கிட்ட இருந்து படித்துத் தூரத்துப் பட்டத்தைப் பெறுவது எமக்குப் புதிய வழியல்ல. சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தது வட்டுக்கோட்டைச் செமினரியில். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக வந்தவர் அவர். லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரி மாணவருக்கும் பட்டம் வழங்கியது. இலங்கையில் 1942 இல் பல்கலைக்கழகம் அமையும்வரை, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள் எழுதியது லண்டன் பரீட்சையைத்தான். கப்பல் ஏற வசதியில்லாதவர்கள் ஊரில் இருந்தே அந்தப் பெயரைப் பெற்றார்கள். அவர்களை எவரும் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் இவை ஆறுதல் மட்டுமே. இரண்டாவது பட்டம் பெரிய இடத்தில் வேண்டுமென்றால் முதலாவது பட்டத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முக்கியமானது புள்ளி. முதுமாணிப் படிப்புக்குத் தெரிவு செய்பவர்கள் கடைசி இரண்டு வருடப் புள்ளிகளை விசேடமாகக் கவனிப்பது வழக்கம். வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளை மிச்சம் பிடிக்கிறது என்று நினைத்து, கடையிலும் கோப்பிக் கடையிலும் கிழமைக்கு 25, 30 மணித்தியாலம் வேலைக்கு விட்டால், மிச்சம் பிடித்த காசு புள்ளியில் போய்விடும். எங்கள் மகளைக் கிழமைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவேண்டாம் என்று சொன்னோம். அதற்காக எங்களில் ஒருவர் சனிக்கிழமையும் வேலைக்குப் போகவேண்டி வந்தது.

அடுத்தது, பேராசிரியர்கள் பிள்ளையை அறிந்திருக்க வேண்டும். மேற்படிப்புக்கு இரண்டு, மூன்று பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். எமது பிள்ளைகள் பின் வரிசையில் இருந்து கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பேராசிரியரைப் போய்ச் சந்திப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நாமே பழக்கிவிட்டோம். இங்கே அப்படியல்ல. மாணவரைச் சந்திப்பதற்கென்றே அவர்கள் நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மகள் இரண்டாம் வருடத்தில் துணிந்து ஒருவரிடம் போய், அவருடைய ஆய்வுகூடத்தில் குழாய்கள் கழுவுவதில் தொடங்கினாள். மூன்றாம் வருடக் கோடையில் அதே இடத்தில் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள்.

மூன்றாவது, எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்பதை முன்னரே அறிந்திருத்தல். ஆராய்ச்சி முதுமாணி, கலாநிதிப் படிப்புகளில் பலவற்றுக்குப் பல்கலைக்கழகமே உதவித்தொகையும் உதவிப் போதனாசிரியர் வேலையும் கொடுக்கிறது. ஆனால் வணிக நிர்வாகம், சட்டம், பல்வைத்தியம் போன்றவற்றுக்குக் கட்டணம் மிக அதிகம். முதற் பட்டத்தில் மிச்சம் பிடித்த காசு அங்கேதான் தேவைப்படும். எதுவானாலும், அந்தப் படிப்புக்குக் கேட்கும் பாடங்களை முதல் வருடத்திலேயே பார்த்து எடுத்துவிட வேண்டும். நாலாம் வருடத்தில் பார்த்தால் காலம் கடந்துவிடும்.

காசைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அகதி அந்தஸ்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள், நிரந்தர வதிவிடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கு உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணந்தான். ஒசாப் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் எவ்வளவு கொடை, எவ்வளவு கடன் என்பது அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறும்; ஆகவே ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்குப் பாருங்கள். மாணவர் கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டி இல்லை. 2004 இலோ அதன் பின்னரோ பிறந்த பிள்ளைகள் உள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கனடா கற்றல் பத்திரம் என்று ஓர் உதவி உண்டு. கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்தால், நாங்கள் ஒரு சதமும் போடாமலே முதலில் 500 டொலரும் பின்னர் தகுதியான வருடங்களுக்கு 100 டொலர் வீதமும், மொத்தம் 2,000 டொலர் வரை அரசாங்கம் போடும். இளையவனுக்கு நாங்கள் இதைத்தான் செய்தோம்.

எல்லோரும் கிட்டத்தான் படிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பிள்ளை விரும்பும் படிப்பு ஓரிடத்தில் மட்டுமே இருந்தால், அல்லது புலமைப்பரிசில் தங்குமிடச் செலவையும் தாங்கினால், தூரமாக இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும். வீட்டில் இருந்து படித்ததில் எங்கள் மகள் இழந்ததும் உண்டு. விடுதி வாழ்க்கை, நள்ளிரவு வரை கூடியிருந்து கதைக்கும் சிநேகிதர்கள், தானாகச் சமைத்துத் தானாகத் தடுமாறும் அனுபவம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிங்ஸ்ரனுக்குப் போன சிநேகிதியின் படங்களைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களை நாங்கள் கண்டிருக்கிறோம். காசு மிஞ்சியது என்று சொல்லி அதை ஈடுசெய்ய முடியாது.

இப்போது அவள் கடைசி வருடம். தொற்றுநோயியலில் முதுமாணிப் படிப்புக்கு மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவற்றுள் ஒன்று குயீன்ஸ். பதில் இன்னும் வரவில்லை. கிடைக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இடங்கள் குறைவு, கெட்டிக்காரர்கள் அதிகம். கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டோம். "வேலைக்குப் போவன். அடுத்த வருசம் திருப்பிப் போடுவன்" என்றாள். வேலைக்குப் போகக்கூடிய ஒரு பட்டமும், சமாளிக்கக்கூடிய ஒரு சின்னக் கடனும் அவள் கையில் இருப்பதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

இதைத்தான் நாங்கள் இத்தனை வருடத்தில் விளங்கிக்கொண்டோம். அடுத்த பட்டத்தை நம்பி முதற் பட்டத்தைத் தெரிவு செய்யக்கூடாது. அடுத்தது வராமலே போனாலும், தன் காலில் நிற்கக்கூடிய படிப்பாக முதலாவது இருக்கவேண்டும். அப்படி இருந்தால் பெரிய பெயரை அவசரமில்லாமல் காத்திருந்து கேட்கலாம்.

இந்த வருடம் முடிவெடுக்க இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காசு காணாது என்பதைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். கணக்கை எடுத்துக் காட்டுங்கள். இப்போது முடியாது என்று சொல்லும்போதே, எப்போது முடியும், அதற்கு நாங்கள் என்ன செய்வோம், நீ என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறவினர் ஆராவது ஏன் அங்கே விட்டீர்கள் என்று கேட்டால், அதற்குப் பதிலைப் பிள்ளை சொல்லட்டும்.