ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே முட்டு

மற்ற ஊர்ப் பையன்கள் தென்னை மட்டையைச் செதுக்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், கோவில்பட்டிப் பையன்களான நாங்கள் அடி வளைந்த கருவேலங்கிளையைத் தேடிக் கண்மாய்க் கரையெல்லாம் அலைந்தோம். எங்கள் ஊருக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவு அப்படி. நல்ல வளைவுள்ள கிளை அமைந்துவிட்டால் பட்டையை உரித்து, கண்ணாடிச் சில்லால் இழைத்து, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவோம். கடையில் வாங்கிய மட்டை பெரிய பையன்களிடம்தான் இருக்கும். அது உடைந்தால் ஆணி அடித்து, நூல் சுற்றி, எங்கள் கைக்கு வந்து சேரும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் நம் பாஸ்கரன் என்று டீக்கடையில் பெரியவர்கள் பேசுவார்கள். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை அது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றதை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, நாங்களும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களாகவே ஆகிவிட்டோம்.

சாயங்காலம் ஹாக்கி என்றால் விடியற்காலை ஓட்டம். பெரியப்பா மகன் அண்ணன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இருட்டு விலகும் முன்பே எங்கள் வாசலில் நின்று, "வாறியாலே?" என்று மெல்லக் கூப்பிடுவார். எட்டயபுரம் சாலையில் லாரிகள் குறைவாக இருக்கும் நேரம். கரிசல் காட்டுக்குள் ஓட முடியாது. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் போய்விடும். மழை பெய்தாலோ மண் உள்ளங்காலில் அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடும். அதனால் சாலையோரத்துச் செம்மண் தடம்தான் எங்கள் ஓடுதளம். திரும்பி வரும்போது சொர்ணமலைக் கதிரேசன் கோயில் படிகளில் ஏறி இறங்குவோம். மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். மில் புகைபோக்கி, தீப்பெட்டி ஆபீஸ்களின் ஓட்டுக் கூரைகள், ரயில் பாதை. உடம்பெல்லாம் வேர்வையோடு அந்தக் காற்றில் நிற்பதற்காகவே நான் விடியலுக்குக் காத்திருந்தேன்.

ஓட்டமும் ஆட்டமும் போக மிச்ச நேரத்திலும் கால்களுக்கு வேலை இருந்தது. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தாமிரபரணித் தண்ணீர்தான் ஊருக்கே. அது வராத நாட்கள் அதிகம். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, குழாய் எங்கே ஓடுகிறதோ அந்தத் தெருவுக்கு மிதிப்போம். வீட்டில் அம்மாவும் ஆச்சியும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். நானும் குத்தவைத்து உட்கார்ந்து தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் செய்கிற சாதாரண வேலைகள் இவை. கால்களுக்கு இதில் கணக்கு உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

1998. அந்த ஆண்டு நான் திடுதிப்பென்று உயர்ந்தேன். ஜூனில் தைத்த கால்சட்டை தீபாவளிக்குள் தொடைக்கு மேல் ஏறிவிட்டது. கூடவே வலி வந்தது. இரண்டு முட்டுச் சில்லுக்கும் கொஞ்சம் கீழே, காலெலும்பு தொடங்கும் இடத்தில், தொட்டாலே சுரீரென்று இழுக்கும். வலது காலில் அந்த இடம் புடைத்துக்கொண்டு நின்றது. நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மலைப்படி இறங்கும்போதும், பந்தைத் தள்ளிக்கொண்டு குனிந்து ஓடும்போதும், கட்டை அடுக்கிவிட்டு எழுந்திருக்கும்போதும் உயிர் போகும்.

ஆச்சி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தாம்யா செய்யும்" என்றாள். பக்கத்து வீட்டு மாமா, ஆந்திராவில் புத்தூருக்குப் போய் மூங்கில் பட்டை வைத்து ஒரு கட்டுப் போட்டுவிட்டு வந்தால் தீர்ந்தது என்றார். ஊசி போட்டவர் ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். எல்லோரும் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஆட்டமும் ஓட்டமும் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தபோது, வலியைவிட அதுதான் பெரிதாக பயமுறுத்தியது.

எங்கள் பி.டி. சார் வேறு விதமாகத் தொடங்கினார். மைதானத்துக் கேலரிப் படியில் என்னை உட்காரவைத்து, புடைத்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கப் போறவரைக்கும் என்னவெல்லாம் செய்யுத? ஒண்ணுவிடாமச் சொல்லு" என்றார். ஓட்டம், மலைப்படி, பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள், தண்ணீர்க் குடம், ஹாக்கி, தீப்பெட்டி என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்கப்பா சம்பளம் ஒண்ணுதான். அதுலதான் வாடகையும் போகணும், அரிசியும் வாங்கணும், உன் நோட்டும் வாங்கணும். முட்டும் அப்படித்தாம்லே. விடியக்காலமே மலையில போய் பாதியைச் செலவழிச்சிட்டு வந்தா சாயங்காலம் ஆட்டத்துக்கு எங்க இருக்கும்?"

என் முட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் கார்ல் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903இல் தனித்தனியாக விவரித்த கோளாறு அது. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. விறுவிறுவென உயரம் கூடும் வயதில் எலும்பின் நீளத்துக்குத் தொடைத் தசை ஈடுகொடுக்காமல் இறுகிப்போகிறது. அந்தத் தசையின் இழுப்பெல்லாம் முட்டுச் சில்லைத் தாண்டி, காலெலும்பின் முன்பக்கத்தில் தசைநார் வந்து ஒட்டும் சிறு மேட்டில் விழுகிறது. அந்த வயதில் அந்த மேடு இன்னும் முழு எலும்பாகாத குருத்து. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்குத் திரும்புகிறது. குதித்து, குனிந்து, சட்டென்று நின்று திரும்பும் விளையாட்டையும் அதன்மேல் ஏற்றினால் குருத்து வீங்கி நோகிறது. வளர்ச்சி முடிந்து குருத்து எலும்பானதும் பெரும்பாலோருக்கு வலி தானாகவே நின்றுவிடும். அதுவரை பையனைக் கட்டிலில் கிடத்த வேண்டியதில்லை, சுமையைக் குறைத்தால் போதும். இந்தப் பெயரெல்லாம் சாருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டதில்லை. செய்ய வேண்டியது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். ஓட்டத்துக்கு ஒரு கட்டம், ஆட்டத்துக்கு ஒரு கட்டம், வீட்டு வேலைக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தில் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும். அதையும் ஆடி முடித்த சூட்டில் எழுதக் கூடாது, மறுநாள் காலை எழுந்து வாசற்படி இறங்கும்போது பார்த்து எழுத வேண்டும். மூன்றுக்குள் இருந்தால் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யலாம். ஏறியிருந்தால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். எதை விடுவது என்பதை என்னிடமே கேட்பார். முதலில் போனது மலைப்படி. பிறகு, ஹாக்கி உள்ள நாளில் ஓட்டம் இல்லை என்றானது. அண்ணன் வாசலில் வந்து கூப்பிடாமல் நேரே போன விடியல்களில், அவர் காலடிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை விழித்துக்கொண்டு கிடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

வீடும் அந்த நோட்டுக்கு ஏற்ப மாறியது. குத்தவைத்து உட்காராதே என்று சார் சொல்லியனுப்பியதும் ஆச்சி எனக்கு ஒரு முக்காலியைத் தேடி எடுத்துத் தந்தாள். தண்ணீருக்கு அப்பா போனார். ஆடி முடித்ததும் ஐஸ் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் கிடையாது. சர்பத் கடையில் ஐஸ் பாறையைச் சீவும்போது உதிரும் துண்டுகளைத் துண்டில் பொதிந்து கொண்டுவருவேன். காலையில் ஆச்சியின் நொச்சி, மாலையில் சர்பத் கடை ஐஸ். வேப்ப மரத்தில் ஒரு கையை ஊன்றி, குதிகாலைப் பின்னால் மடக்கிப் பிடித்துத் தொடையை இழுப்பேன். கேலரிச் சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டை நோகாத அளவுக்கு மட்டும் மடக்கி நிற்பேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சார் உருட்டும் பந்தைத் தடுத்து நிறுத்துவேன். பந்தயத்தில் ஓடுவதைவிட அப்படி நிற்பதற்கு அதிகப் பொறுமை வேண்டியிருந்தது.

ரைட் அவுட்டில் ஓடிக்கொண்டே இருந்த என்னை ஃபுல்பேக்கில் நிறுத்தினார். ஓரத்தில் பறந்துகொண்டிருந்த நாட்களில் எனக்குப் பந்து மட்டும்தான் தெரியும். பின்னால் நின்ற பிறகு மைதானம் முழுவதும் தெரிந்தது. யார் எப்போது களைக்கிறான், யார் பந்து வருவதற்கு முன்பே இடம் மாறுகிறான், பெனால்டி கார்னரில் எவன் கால் முதலில் அசைகிறது என்பதெல்லாம் பிடிபடத் தொடங்கின. அந்த டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பிறகு 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் பெனால்டி ஸ்ட்ரோக் வரை போய், கோல்கீப்பர் ஆசிஷ் பல்லாலின் தடுப்புகளால் நம் கைக்கு வந்தது. டீக்கடைப் பத்திரிகையில் அந்தப் படத்தை ஊரே மாற்றி மாற்றிப் பார்த்தது. முன்னால் ஓடி கோல் போடுபவனைப் போலவே பின்னால் நின்று தடுப்பவனும் ஆட்டத்தை வென்று தருகிறான் என்பது, ஃபுல்பேக்கில் நின்றுகொண்டிருந்த எனக்கு அன்று மிகவும் வேண்டியிருந்த செய்தி.

நோட்டு தீர்ந்து இன்னொரு நோட்டும் பாதி ஆனபோது வலியின் கட்டத்தில் பூஜ்யங்கள் அடுத்தடுத்து விழ ஆரம்பித்தன. அப்போதும் சார் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பித் தரவில்லை. முதலில் செம்மண் தடத்தில் மெல்லோட்டம், அது தாங்கிய பிறகு வேகம், வேகமும் தாங்கிய பிறகே மலை. சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் தடத்தில் ஏழரைச் சுற்று ஓடி மண்டலப் போட்டியில் 1500 மீட்டரை முடித்தேன். அடுத்த வாரம் ஹாக்கியும் ஆடினேன். வலது முட்டுக்குக் கீழே அந்தப் புடைப்பு மட்டும் எலும்பாகி நிலைத்துவிட்டது.

இப்போது சென்னையில் அலுவலகத்துக்கு முன் ஓட்டம், ஞாயிறு மாலை நண்பர்களோடு ஹாக்கி. நாற்பது வயதை ஒட்டிக் குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டது. ஓட்டக்காரர்கள் அக்கிலீஸ் என்று சொல்லும் அதே தசைநார்தான். பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி தந்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை நிதானமாகக் கீழே இறக்க வேண்டும். முட்டை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் குழுவினர், பொழுதுபோக்காக ஓடும் 15 பேரிடம் செய்து பார்த்து 1998இல் வெளியிட்ட முறை என்றார். நான் கேலரிச் சுவரில் சாய்ந்து நின்ற அதே ஆண்டு. கூடவே அவர் ஒரு தாளையும் நீட்டினார். ஓட்டம், ஆட்டம், மற்ற வேலை, மறுநாள் காலையில் வலிக்குப் பத்துக்கு எத்தனை. எப்படி நிரப்ப வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்குமுன் எனக்குத் தெரிந்திருந்தது.

இன்று கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் வந்துவிட்டது. அங்கே வளர்ந்த பையன்கள் இந்திய அணிவரை போயிருக்கிறார்கள். மனம் நிறைகிறது. அந்த மைதானத்துக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முட்டைப் பற்றித்தான் என் அக்கறை. காலையில் ஓட்டப் பயிற்சி தருபவர் ஒருவர், மாலையில் ஆட்டம் சொல்லித் தருபவர் இன்னொருவர், நடுவில் பள்ளிக்கூடம், டியூஷன், சைக்கிள். ஒவ்வொருவரும் தம் பங்கு சுமை சரிதான் என்று நினைப்பார்கள். எல்லாம் வந்து சேரும் இடம் ஒரே முட்டு. பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்து என்றோ தாங்கு என்றோ சொல்வதற்கு முன், பெற்றவர்களும் பயிற்சியாளர்களும் அவனுடைய ஒரு நாளை முழுவதுமாகக் கேட்க வேண்டும். கேட்டபின் எதை விடுவது என்பதை அவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளை நாற்பது வயதிலும் ஓடுவான், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் வருவான்.