அணைத்த பிறகும் சுற்றியது

மதுரை செல்லூரில் ஒரு பழைய வீடு. அடுப்படி ஜன்னலுக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே அதன் ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது.

"ரெண்டு தடவை ஸ்விட்ச் மாத்தியாச்சு தம்பி. ராத்திரியில எம்.சி.பி.யை எறக்கிட்டுத்தான் படுக்கிறேன். ஃபிரிட்ஜும் அதுலதான் இருக்கு, பால் திரிஞ்சு போகுது" என்றார் வீட்டுக்கார அம்மா.

முப்பது வருடமாக வயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணனோடு அன்று போயிருந்தேன். ஏணி தூக்கும் பையனாகத் தொடங்கியவர் அவர். இப்போது அவருக்கு ஏணி தூக்குவது ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட வயர்மேன் படிப்பை முடித்த ஒரு தம்பி. வேலைக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் நான் போனேன்.

அண்ணன் உடனே ஃபேனைத் தொடவில்லை. பையிலிருந்து பழைய ஸ்விட்ச் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே மிளகு அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள், கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மோட்டாரை அணைக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் பொறி பறக்கும். பொறியில் உலோகம் துளித்துளியாக உருகும். ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு வெளியே குமிழ் சாய்ந்தாலும் உள்ளே பாதை மூடியேதான் இருக்கும். "நிக்காத ஃபேனுக்கு முக்கால்வாசி இதான் காரணம். ஆனா இங்க ரெண்டு புது ஸ்விட்ச் போட்டும் நிக்கலேன்னா சங்கதி வேற" என்றார்.

எம்.சி.பி.யை இறக்கினார். ஃபேன் நின்றது. அப்படியானால் இன்வெர்ட்டர் லைனோ பக்கத்து அறை லைனோ கலந்து வரவில்லை. அடுத்து ஸ்விட்ச்சில் இருந்த இரண்டு வயர்களையும் கழற்றி, முனைகளில் டேப் சுற்றித் தனித்தனியாக விலக்கி வைத்துவிட்டு எம்.சி.பி.யை ஏற்றினார். ஸ்விட்ச்சே இல்லாமல் ஃபேன் சுற்றியது.

தம்பி என்னைப் பார்த்தான். அண்ணன் அவனைப் பார்த்தார். "இப்ப சொல்லு, கரண்டு எந்தப் பக்கமாத் திரும்பிப் போகுது?"

மறுபடி எம்.சி.பி. இறங்கியது. ஏணியில் ஏறப்போன தம்பியை அண்ணன் தடுத்தார். டெஸ்ட் லேம்ப்பை முதலில் ஹாலில் கரண்டு இருக்கும் பிளக்கில் வைத்தார், எரிந்தது. தானே ஏணியில் ஏறி ஃபேன் முனைகளில் வைத்தார், எரியவில்லை. திரும்பவும் ஹால் பிளக்கில் வைத்து, லேம்ப் இன்னும் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் தம்பியை ஏறவிட்டார். லேம்ப்பே கெட்டுப்போயிருந்தால் கரண்டு இருக்கும் வயரும் செத்த வயர் மாதிரித்தான் தெரியும். உடன் வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் பறிகொடுத்தாராம். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

ஃபேன் முனைகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் நேராக ஃபேனுக்குப் போயிருந்தது. ஸ்விட்ச்சை, கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். ஸ்விட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும் என்பது ஐஎஸ் 732 விதி மட்டுமல்ல, தொழிலின் பாலபாடமும் அதுதான். நியூட்ரலை மட்டும் துண்டித்தால் ஃபேன் நிற்கும், ஆனால் 230 வோல்ட் ஃபேனுக்குள்ளேயே காத்திருக்கும். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடைக்கிற கைக்கு அது தெரியாது.

ஃபேனிலிருந்து ஸ்விட்ச்சுக்கு வரும் வயரைத் தம்பி மெதுவாக இழுத்தான். சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியின் வாயில், கூரான விளிம்பு பட்டு வயரின் தோல் அரைவிரல் நீளத்துக்கு உரிந்திருந்தது. உள்ளே செம்பு மின்னியது. அந்தப் பெட்டி எர்த்தோடு சேர்ந்தது. ஸ்விட்ச்சை அணைத்தாலும் கரண்டு ஃபேனைச் சுற்றவிட்டு, பெட்டி வழியே மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கணுமே" என்று அண்ணன் மெயின் போர்டைத் திறந்தார். இருந்தது. ஆனால் உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் யாரோ முறுக்கி, டேப் சுற்றி, அதைத் தாண்டிப் போகும்படி டைரக்ட் செய்திருந்தார்கள். "மூணு மாசம் முன்ன அது அடிக்கடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் வந்து சரிபண்ணிக் குடுத்தாரு. அதுக்கப்புறந்தான் இது நிக்க மாட்டேங்குது" என்றார் அம்மா.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிட வேண்டிய கருவி அது. இந்த ஃபேன் வழியாக மண்ணுக்குப் போனது ஏறத்தாழ 200. மூன்று மாதத்துக்கு முன் அந்தக் கருவி சொல்லிக்கொண்டிருந்ததை, அதன் வாயைக் கட்டிய பிறகு ஃபேன் சொல்லத் தொடங்கியிருக்கிறது. எர்த்து எங்காவது அறுந்திருந்தால் ஃபேன் ஒழுங்காக நின்றிருக்கும். அந்த இரும்புப் பெட்டி மட்டும் கரண்டோடு, தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். நிற்காமல் ஓடியதுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தார்கள். பெட்டியின் வாய்க்கு ரப்பர் வளையம் போட்டார்கள். ஸ்விட்ச்சை ஃபேஸுக்கு மாற்றி, ஆர்.சி.சி.பி.யை மீண்டும் இணைத்தார்கள். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. மாற்றிய பொருள் என்று கையில் எடுத்துக் காட்ட ஒரு துண்டு வயர்தான் இருந்தது. "ஒரு வயருக்கா இவ்வளவு கூலி?" என்று பல வீடுகளில் கேட்பார்களாம். அந்தக் கூலி வயருக்கு இல்லை. எந்த வயர் என்று கண்டுபிடித்ததற்கு. கைக்குள் அடங்காத அந்த அறிவுக்கு நாம் இன்னும் சரியான விலை வைக்கவில்லை.

கிளம்பும் முன் அண்ணன் அம்மாவை போர்டுக்கு அழைத்தார். "டி-ன்னு போட்ட இந்தப் பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்கம்மா. விழுந்துச்சுன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி அழுத்தினார். டக்கென்று விழுந்தது. வீடு முழுக்க ஒரு நொடி அமைதி. அடுப்படி ஃபேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.