கூண்டின் பாஷை

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரியில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். "எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்கான்?" துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றிய கேள்வி அது. மூன்று என்றால் முகத்தில் ஓர் அசட்டை. ஏழு என்றால் கவலை. பத்து என்றால் கடைகளில் மெழுகுவத்தி அகப்படாது. பரீட்சை மார்க்கைப் போல, எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்பது ஊரார் கணக்கு.

அந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதற்காகப் புயல் சாஸ்திரப் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவருக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அடுத்தது என்ன நடக்கும் என்று சொல்கிற தொழில் இரண்டுக்கும் பொது என்று சமாதானம் சொன்னேன்.

புயல் பிறக்க முதலில் கடல் சூடாக இருக்கவேண்டும். ஏறக்குறைய 27 டிகிரி. கடலிலிருந்து எழும் நீராவி உயரே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது, அது சுமந்து சென்ற உஷ்ணம் வெளிப்படுகிறது. அதுதான் புயலுக்கு ஆகாரம். நடுவில் அழுத்தம் குறையக் குறைய, சுற்றிலுமுள்ள காற்று அதை நோக்கி ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேரே வர முடியாமல், பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் நம் பக்கத்தில், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது.

இந்தச் சுற்றில்தான் கூண்டின் ரகசியம் இருக்கிறது. 5, 6, 7 ஆகிய மூன்று எண்களும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுப் புயல் கடக்கும் என்றால் 5. வலப்புறம் விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மீதோ வெகு அருகிலோ வந்தால் 7. கடும் புயலுக்கு 8, 9, 10 இதே வரிசை. ஆகவே எண்ணில் பாதி மார்க்கு, பாதி விலாசம்.

மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலக்கைப் பக்கம் வடக்கு. கடலூர்ப் பக்கம் அது கரையேறினால் நாம் வலப்புறம். காற்று கடலிலிருந்து அடித்து அலையை ஊருக்குள் தள்ளும். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' அப்படித்தான் வந்தது. மரக்காணம் பக்கம் ஏறினால் நாம் இடப்புறம். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும்.

வைத்திக்குப்பத்தில் ஒரு முதியவரோடு இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "நம்பர் கெடக்கட்டும் சார். கடல் மேல ஏறுமா, உள்வாங்குமா? அதுக்குத் தக்கதான் படகை இழுத்துக் கட்டணும்" என்றார்.

"அதைத்தான் பெரியவரே அந்த நம்பர் சொல்லுது" என்று விவரித்தேன்.

கேட்டுவிட்டு, "இத எங்க பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலாமில்ல?" என்றார். எனக்கு அதற்குப் பதில் இல்லை.

கூண்டு சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு: மழை. கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டதால் காற்றையும் கடலையும் மட்டுமே அது பேசும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'ஃபெஞ்சல்' நம் ஊரை ஒட்டிக் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 70, 80 கிலோமீட்டர்தான். 'இவ்வளவுதானா!' என்று படுக்கப் போனவர்கள் உண்டு. ஆனால் புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது. ஆற்றில் மிதக்கும் இலையைப் போல, உயரே ஓடும் பெருங்காற்றுதான் அதை நகர்த்துகிறது. அன்று அந்த ஓட்டம் தளர்ந்துபோகவே, புயல் நம் தலைக்கு மேலேயே மணிக்கணக்கில் நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒரு வருஷத்து மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிருஷ்ணா நகரில் ராணுவத்தார் வந்து ஜனங்களை மீட்கவேண்டியதாயிற்று. ஆகவே புயல் எங்கே வருகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் விசாரிக்கவேண்டும். மெதுவாக வருகிறது என்றால், பள்ளத்தில் வீடு உள்ளவர்கள் காற்றைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது.

கூண்டு வரிசையில் பத்துக்கு மேல் இன்னும் ஓர் எண் உண்டு. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று துறைமுக அதிகாரி தாமே கருதி ஏற்றுவது, 11. அது ஏறிய பிறகு வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்கு முன்பே ஊரார் கற்றுக்கொண்டிருந்தால்தான் உண்டு. வைத்திக்குப்பத்துப் பெரியவர் கேட்டதும் அதைத்தான்.