தீபாவளிக் கணக்கு



நேற்று பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கடைக்குக் கடை வாசலில் ஒரு பையன் நின்று நோட்டீஸ் நீட்டுகிறான். "இப்ப வாங்குங்க சார், ஜனவரியில இருந்து கட்டுங்க" என்கிறான். அப்போதே முடிவு செய்தேன், இதை எழுதிவிட வேண்டும் என்று. வீட்டாரைத் தவிர யாருக்கும் நான் சொல்லாத விஷயம் இது.

வேலையில் இருந்தபோது எங்களுக்குப் பண்டிகை முன்பணம் கிடைக்கும். வட்டி கிடையாது, தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதோடு என் துணைவியார் மாதாமாதம் கட்டும் தீபாவளிச் சீட்டு. இந்த இரண்டையும் வைத்தே எங்கள் வீட்டில் பண்டிகை நடந்தது.

ஓய்வு பெற்றபின் மகளுக்குத் தலைதீபாவளி வந்தது. கையிருப்பெல்லாம் கல்யாணத்தில் கரைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டுக்குத் துணிமணி என்று கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய்க்கு வாங்கினேன். கார்டின் வரம்பே 75,000தான். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 3,000' என்று இருந்தது. பழைய முன்பணத் தவணை மாதிரி என்று நினைத்து, அதை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தேன். ஆறு மாதத்தில் பதினேழாயிரத்துச் சொச்சம் கட்டியிருந்தேன். பாக்கி குறைந்ததோ மூவாயிரம்தான்!

உங்களுக்குத் தனிவட்டியும் கூட்டுவட்டியும் நடத்திய நான், அன்றுதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 60,000க்கு வட்டி 2,100. வட்டியின்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 378. இரண்டும் சேர்ந்து 2,478. கட்டிய 3,000இல் அசலுக்குப் போனது 522 ரூபாய். பாக்கி வைத்திருந்ததால், புதிதாக வாங்கிய மருந்து மாத்திரைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியது. துணைவியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் தேதியை மறந்து, ஐந்து வாரம் தாமதமாக வேறு கட்டினேன்.

அடுத்த வருடம் மகன் வீடு வாங்க முன்பணம் கொடுத்திருந்தான். அவன் சம்பளம் மட்டும் போதாததால் வங்கிக் கடனுக்கு நானும் கூட்டு மனுதாரர். மேலாளர் என்னிடம் படித்த பிள்ளை. எழுந்து நின்று வணங்கினார். கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "சார், உங்க சிபில் மார்க் 642தான் இருக்கு" என்றார். 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண் அது. 750க்கு மேல் இருந்தால் நல்லது. ஒரு காலத்தில் நான் மார்க் போட்ட பிள்ளை, என் மார்க்கைச் சொல்லக் கூச்சப்பட்டார். கடன் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. அந்த வீடு கைவிட்டுப் போனது. மகன் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

துணைவியாரின் சீட்டுப் பணத்தில் பாக்கியை அடைத்தோம். மதிப்பெண் 750ஐத் தாண்ட ஒன்றரை வருடம் ஆனது. பிறகு மகன் வேறு வீடு வாங்கினான், கூடுதல் விலைக்கு.

ஆகவே பிள்ளைகளே, கார்டில் வாங்கினால் பில்லில் உள்ள முழுத் தொகையையும் கட்டுங்கள். தேதி மறக்காமல் இருக்க, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுங்கள். அதையும் 'முழுத் தொகை' என்றே கொடுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் செலவு செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் நாலு கடையில் கடன் கேட்டால் நாலு விசாரணையும் பதிவாகும், மதிப்பெண் இறங்கும். 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். 'அப்புறம் கட்டலாம்' என்று கைபேசியில் வரும் வசதியும் கடன்தான். நண்பருக்காக உங்கள் கார்டைக் கொடுத்தால், அவர் கட்டாவிட்டாலும் கெடுவது உங்கள் பெயர்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கட்டி முடித்த கடன் பாக்கியாகவே கிடந்தால் எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

பேத்திக்குப் பாவாடை ரொக்கத்தில்தான் எடுத்தேன். சீட்டு இப்போதும் ஓடுகிறது.

அனைவருக்கும் முன்கூட்டிய தீபாவளி வாழ்த்துகள். பட்டாசு வெடிக்கும்போது குழந்தைகள் பக்கத்திலேயே இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்