பல மரம் கண்ட தச்சன்

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில், வீடுகள் முடிகிற இடத்தில், ஒரு புளியமரக் கிளையில் தடித்த கயிறொன்று தொங்குகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் கட்டியது. விடியற்காலையில் நாம் நடக்கப் போகும்போது நான்கைந்து பேராவது அங்கே இருப்பார்கள். அவர்களில் ஒருவன் நம் முன்னாள் மாணவன். நம்மைக் கண்டதும் கயிற்றிலிருந்து இறங்கி, உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "வணக்கங்க ஐயா" என்பான். அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்வதில் நமக்கு நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு.

இளங்கலைத் தமிழ் முதலாண்டில் வந்து சேர்ந்தபோது அவன் எல்லாவற்றிலும் இருந்தான். விளையாட்டு விழாவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடினான், குண்டு எறிந்தான், நீளம் தாண்டினான். கவியரங்கத்தில் கவிதை வாசித்தான். அவன் ஊரில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் வகுப்புக்கு வரமாட்டான். வரும்போது காதோரத்தில் அரிதாரம் மிச்சமிருக்கும். எதிலும் முதலிடம் இல்லை. மூன்றாவது, நான்காவது, சில வேளை ஆறுதல் பரிசு. இரண்டாம் பருவத்தில் திருத்தித் தந்த அவனது கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினோம்: 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஒன்றைப் பற்று.'

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஆசிரியரின் சிவப்பு மை எவ்வளவு பெரிய கட்டளை என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அவன் கூத்தை விட்டான். குண்டை விட்டான். கவிதையையும் விட்டிருக்க வேண்டும். பிறகு எதுவும் கொண்டுவந்து காட்டவில்லை. அவனுடைய கூத்து வாத்தியார் ஒருநாள் கல்லூரிக்கே வந்துவிட்டார். அபிமன்யு வேடத்துக்கு அவனைத்தான் நினைத்திருந்தாராம். அவருக்கு நாம் பெருமையோடு விளக்கம் சொல்லி அனுப்பினோம். அடுத்த ஆண்டு ஓட்டத்தை மட்டும் ஓடினான். மறுபடியும் நான்காவதாகவே வந்தான். இறுதியாண்டில் பெயர் கொடுக்கவில்லை.

அந்த அறிவுரை உண்மையில் யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதுகலை முடித்த நாளிலிருந்து நாம் கவிதை எழுதினோம், விமர்சனம் எழுதினோம், நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிற்றிதழைச் சில இதழ்கள் வரை இழுத்தோம், முனைவர் பட்டத் தலைப்பை இரண்டு முறை மாற்றினோம். நம்மோடு படித்த ஒருவர் சங்க இலக்கிய உவமைகள் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு இன்று கருத்தரங்குகளில் முதல் வரிசையில் அமர்கிறார். நாற்பதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் தம் மனக்குறையைப் பதினெட்டு வயதுப் பையனின் ஏட்டில் எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவன் கைபேசியோடு வீட்டுக்கு வந்தான். முதலில் ஒரு காணொளியைக் காட்டினான். 2018இல் ஹாம்பர்க் நகரில் தொடங்கி, 2025இல் மும்பைக்கும் வந்துவிட்ட 'ஹைராக்ஸ்' என்னும் பந்தயம். ஒரு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு வலுச்சோதனை. இப்படி எட்டு முறை. எடையேற்றிய சறுக்குவண்டியைத் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள், இரு கைகளிலும் பாரம் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், மணல்மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு மண்டியிட்டு நகர்கிறார்கள். "எங்கம்மா தெனமும் செய்யறதுதாங்க ஐயா, இதுக்குப் போயி காசு கட்டறாங்க" என்று சிரித்தான். பிறகு, தான் காட்ட வந்ததைக் காட்டினான். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டெகத்லான் போட்டியில் வெள்ளி வென்ற தேஜஸ்வின் சங்கரின் புள்ளிப் பட்டியல்.

"இவரு எல்லாத்துலயும் சுமாருதாங்க ஐயா. உயரம் தாண்டறது மட்டுந்தான் பெருசு. எப்பிடி ரெண்டாவது வந்தாரு?"

சற்று நின்று, குரலில் எந்தக் குத்தலும் இல்லாமல், "இவரும் பல மரம் கண்ட தச்சன்தானுங்களே?" என்றான்.

அவன் போனபின் அன்றிரவு அந்தப் பட்டியலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாப்பிலக்கணம் படித்தவனுக்குக் கணக்கு அவ்வளவு அந்நியமல்ல.

தேஜஸ்வின் தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1998இல் பிறந்தவர். பள்ளியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவரை உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். (ஆசிரியர் சொல் அங்கேயும் வேலை செய்திருக்கிறது, நல்லவிதமாக.) 2018இல் 2.29 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். அப்போட்டிகளில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். ஒன்றைப் பற்றியவர், பற்றியதில் வென்றவர். அப்படிப்பட்டவர்தான் அடுத்த ஆண்டே பத்து மரங்களை வெட்டப் புறப்பட்டார்.

டெகத்லான் இரண்டு நாள் போட்டி. ஹாங்சோவில் முதல்நாள் அவர் 100 மீட்டரை 11.12 விநாடியில் ஓடினார்: 834 புள்ளிகள். நீளம் தாண்டுதல் 7.37 மீட்டர்: 903. குண்டு எறிதல் 13.39 மீட்டர்: 691. உயரம் 2.21 மீட்டர்: 1002. 400 மீட்டர் 49.67 விநாடி: 830. நாள் முடிவில் 4260. மறுநாள் 110 மீட்டர் தடையோட்டம் 14.78 விநாடியில் 876 புள்ளிகள் தந்தது. அதன்பின் சரிவு. வட்டெறிதல் 39.28 மீட்டர், 650. கோலூன்றித் தாண்டுதல் 4.10 மீட்டர், 645. ஈட்டி 51.17 மீட்டர், 606. கடைசியாக 1500 மீட்டர், 4 நிமிடம் 48.32 விநாடி, 629. இரண்டாம் நாள் 3406, மொத்தம் 7666.

இந்தப் பத்தையும் வேறுவிதமாக அடுக்கிப் பார்த்தோம். வேகமும் தாவலும் சார்ந்த ஐந்தில் அவர் ஈட்டியவை 4445. எறிதல் மூன்று, கோலூன்றித் தாண்டுதல், நெடுவோட்டம் ஆகிய மற்ற ஐந்தில் 3221. உயரம் தாண்டுபவரின் உடல் மெலிந்தது, நீண்டது. குண்டுக்கும் ஈட்டிக்கும் வேண்டிய தசையை ஏற்றினால் அந்த எடையையும் தூக்கிக்கொண்டுதான் குறுக்குக் கம்பியைத் தாண்ட வேண்டும். 2.29 தாண்டியவர் அன்று 2.21 தாண்டியதில் அந்த விலையும் சேர்ந்திருக்கலாம்.

தங்கம் வென்ற சீனாவின் சுன் சிகாவோ பெற்றவை 7816 புள்ளிகள். இடைவெளி 150. அன்று தேஜஸ்வின் தம் வாழ்நாள் உச்சமான 2.29 மீட்டரைத் தாண்டியிருந்தால்? புள்ளி அட்டவணையின்படி 1081 கிடைத்திருக்கும். 79 புள்ளிகள் கூடுதல். போதாது. மாறாக, கோலூன்றி இன்னும் அரை மீட்டர், அதாவது 4.60 தாண்டியிருந்தால் அந்த ஒன்றில் மட்டும் 145 கூடியிருக்கும். தங்கத்துக்கு ஐந்து புள்ளிகள் அருகே. உச்சத்தின் மேல் எட்டு சென்டிமீட்டர் ஏறுவதைவிடப் பள்ளத்தில் அரை மீட்டர் மேடாக்குவது பெரிது என்று அந்த அட்டவணை சொல்கிறது. 2018இல் பிரான்சின் கெவின் மேயர் 9126 புள்ளிகளோடு உலக சாதனை படைத்தபோது உயரம் தாண்டியது 2.05 மீட்டர்தான், தேஜஸ்வினைவிடப் பதினாறு சென்டிமீட்டர் குறைவு. ஆனால் மேயரின் ஈட்டி 71.90 மீட்டர் போனது, கோல் அவரை 5.45 மீட்டர் தூக்கியது.

நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது வேறொரு சிறிய எண். முந்தைய தேசிய சாதனை 2011இல் பாரதிந்தர் சிங் எடுத்த 7658. தேஜஸ்வின் அதைக் கடந்தது எட்டே புள்ளிகளில். கடைசி ஓட்டத்தில் ஒன்றரை விநாடி தாமதித்திருந்தால் 7657 என்று முடிந்திருக்கும். ஒன்பது போட்டிகள் முடிந்து, தனக்குச் சற்றும் பொருந்தாத பத்தாவதில், நாலே முக்கால் நிமிடத்துக்கு மேல் நீண்ட அந்த ஓட்டத்தில் அவர் விட்டுக்கொடுக்காத ஒன்றரை விநாடி அது. அவருடைய மிகச் சிறந்த தாண்டல் தராததை மிகச் சாதாரணமான ஓட்டம் தந்திருக்கிறது. 1974 டெஹ்ரானில் விஜய் சிங் சௌஹான் தங்கமும் சுரேஷ் பாபு வெண்கலமும் வென்றபின், ஆசிய விளையாட்டு டெகத்லானில் இந்தியாவுக்கு வந்த முதல் பதக்கம் இந்த வெள்ளி. 2025இல் போலந்தில் தேஜஸ்வின் 7826 புள்ளிகள் எடுத்துத் தம் சாதனையைத் தாமே மாற்றினார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்லவே என்று தோன்றியது. நம்மிடம் அவதானக் கலை இருந்தது. ஒருபுறம் ஈற்றடிக்கு வெண்பா முடித்துக்கொண்டே, மறுபுறம் முதுகில் விழும் கற்களை எண்ணிக்கொண்டே, சதுரங்கக் காய் நகர்த்தும் கலை. 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரை, கல் எண்ணியதில் வல்லவர், காய் நகர்த்தியதில் சுமார் என்று யாரும் பிரித்து மதிப்பிட்டதில்லை. நூறையும் ஒருசேரத் தாங்கிய அந்தக் கவனம்தான் அவருடைய ஒரு மரம். தொன்மை பேசிப் பிழைக்கும் நமக்கு, ஏடு திருத்தும் வேளையில் பாவலர் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

காவலர் தேர்வின் கணக்கு இன்னொரு மாதிரி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடினால் அடுத்த கட்டம். கயிறு ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் தாண்டுவதில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50 மீட்டருக்கு இரண்டு. விரும்பாதவர் அதற்குப் பதிலாக உயரம் தாண்டலாம்: 1.20 மீட்டருக்கு ஒன்று, 1.40 மீட்டருக்கு இரண்டு. ஆறு மீட்டர் நீளம் தாண்டுகிறவனுக்கும் அதே இரண்டு நட்சத்திரம்தான். பிடிக்காததை விட்டுவிடவும் வழியுண்டு. டெகத்லான் அந்தச் சலுகையைத் தருவதில்லை. நாம் தருகிற மதிப்பெண்ணோ இவை இரண்டைவிடவும் எளிது. முதலாவதாக வந்தவனைத் தவிர மற்றவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

மறுநாள் காலை புளியமரத்தடியில் அவனிடம் இந்த எண்களைச் சொன்னோம். 79, 145, ஒன்றரை விநாடி. கவனமாகக் கேட்டான். ஏட்டில் எழுதியது பற்றியும் பேச வாயெடுத்தோம். "அது கெடக்குதுங்க ஐயா" என்றான். விட்டுவிடு என்ற பொருளில் சொன்னானா, ஏடு இன்னும் இருக்கிறது என்ற பொருளில் சொன்னானா என்று விளங்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே ஒரு நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். நூல் நம் மார்பளவுக்கு இருந்தது. நீளம் தாண்டுவதில் அவன் 4.50 மீட்டரை எளிதாகக் கடப்பவன்; இரண்டு நட்சத்திரமும் அதிலேயே கிடைத்துவிடும். உயரம் எதற்கு என்று கேட்டோம்.

"தேவையில்லதாங்க ஐயா. சும்மா தாண்டிப் பாக்கறேன். அந்தக் கழியக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? காத்துக்குச் சாயுது."

கழியைப் பிடித்துக்கொண்டோம். முதல் முறை நூல் அவன் முழங்காலில் சிக்கியது. அவிழ்த்துக் கட்டிவிட்டு மறுபடியும் பின்னால் நடந்தான்.