துறவி நண்டும் சாவு வாசனையும்

கடற்கரையில் கிடக்கும் சிறு சங்கு ஒன்று திடீரென்று நடக்க ஆரம்பித்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் துறவி நண்டாகத்தான் இருக்கும். பெயர்தான் துறவி. வீட்டின் மேல் இவ்வளவு ஆசை வைத்த பிராணி வேறு உண்டா என்பது சந்தேகமே! மற்ற நண்டுகளுக்கு உடம்பு முழுக்க ஓடு. இதற்கு முன்பாதியில் மட்டும்தான். வயிற்றுப் பகுதி மெத்தென்று சுருண்டு கிடக்கும். அதை மறைக்கச் செத்த நத்தையின் கூடு வேண்டும். உடம்பு வளர வளர இன்னும் பெரிய கூடு வேண்டும்.

கடலடியில் எங்கோ ஒரு நத்தை செத்த செய்தியை நண்டுக்கு யார் சொல்வது? வாசனைதான். வேறொரு பிராணி நத்தையைப் பிடித்துத் தின்னும்போது அதன் தசை சிதைந்து, பெப்டைடு எனப்படும் சின்னஞ்சிறு புரதத் துணுக்குகள் தண்ணீரில் பரவுகின்றன. நண்டின் தலையில் உள்ள இரண்டு ஜோடி உணர்கொம்புகளில் சிறிய ஜோடி அதை முகர்ந்துவிடும். நத்தை கொல்லப்பட்ட இடம் போலவே செயற்கையாக ஏற்பாடு செய்து வைத்தால் நண்டுகள் தேடி வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ரிட்ஷாஃப் 1980-இல் காட்டினார். ஒரு நண்டு புதுக் கூட்டுக்கு மாறினால் அது விட்ட பழைய கூடு இன்னொன்றுக்கு. நம் ஊர் வாடகை வீட்டுக் கதையேதான்!

தரையில் வாழும் துறவி நண்டுகளின் நிலைமை இன்னும் சங்கடமானது. இவை கூட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் குடைந்து, இடத்தைப் பெரிதாக்கி எடையைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படிப் பழகிய நண்டுக்குப் புத்தம்புதுக் கூடு பாரமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். வேண்டியது ஏற்கெனவே குடைந்த வீடு. அதன் சொந்தக்காரர் செத்தால்தான் அது எளிதில் கிடைக்கும். கோஸ்டாரிகாவின் ஓசா தீபகற்பக் கடற்கரையில் லியா வால்டெஸ், மார்க் லெய்டர் என்ற இரு ஆய்வாளர்கள், செத்த துறவி நண்டின் சதைத் துண்டுகளைப் பிளாஸ்டிக் குழாய்களில் போட்டு வைத்துப் பார்த்தார்கள். ஐந்தே நிமிடத்தில் ஒவ்வொரு குழாயையும் ஏறக்குறைய 50 நண்டுகள் மொய்த்துக்கொண்டன. 2019-இல் வெளியான ஆய்வு இது. துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் போலத் தெரியும். வந்ததென்னவோ வீடு பார்க்க.

இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த வாசனை நண்டைக் கைவிட்டதில்லை. இப்போது நடுவில் பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டது. வாய்ப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் ஒரு நண்டு இறங்கிவிட்டால், வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாது. வெயிலில் காய்ந்து சாகும். செத்ததும் அதன் வாசனை வெளியே போகும். "வீடு காலி" என்றுதானே மற்ற நண்டுகளுக்கு அதன் அர்த்தம்? அடுத்தது இறங்கும், அதற்கடுத்ததும் இறங்கும். இப்படித்தான் சாவு தொடர்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளிலும், பசிபிக்கில் ஆள் வசிக்காத ஹெண்டர்சன் தீவிலும் ஜெனிஃபர் லாவர்ஸ் குழுவினர் இதைக் கணக்கெடுத்தார்கள். குப்பைக்குள் சிக்கி ஆண்டுக்குச் சுமார் 5,70,000 நண்டுகள் இறக்கின்றன என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஒரே ஒரு பிளாஸ்டிக் கலத்துக்குள் மட்டும் 526 நண்டுகள் கிடந்தன.