நோட்டீஸ் பலகையில் என் கல்யாணம்

ஓடிப்போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டவள் என்றுதான் எங்கள் தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் என்னைச் சொல்கிறார்கள். அந்தத் தோட்டமே இப்போது இல்லை. ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். ஆனாலும் விசேஷ வீடுகளில் பழைய முகங்களைக் கண்டால், "அந்த ஓடிப்போன புள்ளதானே நீ?" என்று கேட்கத் தவறுவதில்லை.

நான் ஓடவில்லை, சகோதரிகளே. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, உட்கார்ந்துதான் போனேன். அதற்கு 21 நாட்களுக்கு முன்பே அரசாங்கம் என் பெயரைப் பலகையில் ஒட்டி ஊருக்குக் காட்டிவிட்டது. இதில் ஓடுவதற்கு என்ன இருக்கிறது?

1984ஆம் ஆண்டு நடந்தது இது. நானும் அப்பாவோடு பெரட்டுக்குப் போய் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் பட்டணத்தில் ஒரு சீனர் பட்டறையில் மோட்டார் வேலை பார்த்தார். எங்கள் தோட்டத்து லோரி பழுதானால் அவர்தான் வருவார். சாதி வேறு. வீட்டிலோ என்னை அம்மாவின் கடைசித் தம்பிக்கு, என் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். மாமன் கெட்டவர் இல்லை. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர். அவரைப் புருஷனாக என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் தாலியைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருவார்கள். இரண்டு அடி, நாலு வசவு, பிறகு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் பதியாவிட்டாலும் செல்லும். அதற்குப் பிறகு நடப்பதைப் பதிந்தே ஆக வேண்டும். அவருடைய தௌக்கேதான் இதைக் கேட்டு வந்து சொன்னவர். "கவர்மெண்டு பேப்பர் இல்லாட்டி நாளைக்கு உன் பொஞ்சாதிக்கு ஒண்ணும் கெடைக்காது" என்று மலாயில் அவரை அதட்டினாராம்.

அப்படித்தான் அந்தப் பழைய கட்டடத்தில் பதிவது என்று முடிவாயிற்று. ஊர்ப் பெயர் வேண்டாமே. பேராக்கில் இருப்பவர்களுக்கு அந்த மாதிரிக் கட்டடங்கள் தெரிந்திருக்கும்: வெள்ளைக்காரன் கட்டியது, தடித்த தூண்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரம், உயரத்தில் மெதுவாகச் சுற்றும் விசிறி, எதிரே திடல், திடல் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரங்கள். ஈப்போ நகர மண்டபத்தைப் பார்த்தவர்கள் அதில் கால் பங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டடம் என்றால் எங்கள் வீட்டில் பயம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1969 வாக்கில் வந்தபோது, சிவப்பு அடையாளக்கார்டோடு அப்பா அதன் படிகளில் நாள் கணக்கில் நின்றவர். தொழிலாளர் இலாகாவும் அப்போது அங்கேதான் இருந்தது. பெர்மிட் கிடைக்காமல், பிறந்த மண்ணையே பார்த்திராத பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. அப்பாவுக்குக் கிடைத்தது. நீலக் கார்டும் பின்னால் வந்தது. ஆனாலும் அந்தப் படியில் மறுபடியும் அவர் கால் வைக்கவில்லை. என் தம்பியின் பிறப்புப் பத்திரத்துக்குக்கூட அம்மாவைத்தான் அனுப்பினார்.

ஆகவே அப்பா எட்டிப் பார்க்காத இடம் என்றுதான் நான் துணிந்தேன். பெற்றவர் சம்மதம் இல்லாமல் பதிய 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்காக எட்டு மாதம் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். சட்டத்தைக் காட்டித் தாய்மாமன் கல்யாணத்தைத் தட்டிவிடலாமா என்றும் அவரைக் கேட்கச் சொன்னேன். அதற்கும் வழியில்லை. நெருங்கிய ரத்த உறவுகளை விலக்கிய அந்தச் சட்டமே, இந்துக்களில் தாய்மாமனைக் கட்டும் வழக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. நம்மவர்களை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்!

வயது நிறைந்த மறுவாரம், பல் வலி என்று சொல்லிவிட்டுப் போய் மனுக் கொடுத்தோம். அப்போதுதான் இடி விழுந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா, "இருபத்தொரு நாள் வெளியே ஒட்டியிருக்கும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். பிறகு வாருங்கள், இரண்டு சாட்சியோடு" என்றார். என் பெயர், அவர் பெயர், வயது, தொழில், தோட்டத்தின் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில்.

"இன்னைக்கே முடிக்க முடியாதாங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"தனி அனுமதிக்கு எழுதலாமாம். அதுக்கெல்லாம் நம்ம யாரு?" என்றார்.

அந்த 21 நாளும் நான் சோறு தின்றேனா மண்ணைத் தின்றேனா தெரியாது. தோட்டத்து ஆட்கள் அடையாளக்கார்டுக்கும் பிறப்புப் பதிவுக்கும் போய் வரும் இடம் அது. கிராணி வீட்டம்மா பட்டணம் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூன்றாம் வாரம் நெருங்கியும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா வழக்கம்போல் பெரட்டுக்குப் போனார், வந்தார், கள்ளுக்கடைக்குப் போனார், படுத்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஒன்றே ஒன்று. சாயங்காலமானால் சாணைக்கல்லில் தன் கத்தியோடு என் கத்தியையும் தீட்டி வைப்பது அப்பாவின் பழக்கம். பதிவுக்கு முதல் நாள் இரவு தன் கத்தியை மட்டும் தீட்டினார். என்னுடையது மூங்கில் தட்டியில் செருகினபடியே இருந்தது. மறந்துவிட்டார் போலும் என்று எடுத்துத் தீட்டப் போனேன். எதற்கு என்று விட்டுவிட்டேன். விடிந்தால்தான் நான் மரம் வெட்டப் போவதில்லையே.

மறுநாள் காலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். எல்லாரும் பெரட்டுக்குப் போன பிறகு, ஆயாக்கொட்டகையில் தோழியிடம் கொடுத்து வைத்திருந்த நீலச் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

சாட்சிக்குத் தௌக்கே வந்திருந்தார், வெள்ளைச் சட்டையும் அரைக்கால் சிலுவாருமாக. இன்னொரு சாட்சி பட்டறைப் பையன். அங்கே நம்மவர் ஒருவர் பியூனாக இருந்தார், வயதானவர். என் பெயரைக் கேட்டுவிட்டு மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, உங்கப்பா போன வாரம் வந்தாரும்மா. தோட்டத்துப் பேரு மட்டும் போர்டுல அடையாளம் தெரிஞ்சிருக்கு. என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு, படிச்சுச் சொன்னேன். ஆட்சேபம் இருந்தா உள்ளார போய் எழுதிக் கொடுக்கலாம்னும் சொன்னேன். என்னைக்குக் கல்யாணம்னு மட்டும் கேட்டுக்கிட்டு, சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கத்தி ஞாபகம் வந்தது.

அதிகாரி அழைத்தார். உள்ளே போனதும் நான் கதவைச் சாத்தப் போனேன். "சாத்தாதீர்கள். திறந்துதான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம்" என்றார். கல்யாணம் ஒளிவுமறைவாக நடக்கக் கூடாதாம். மனமொப்பித்தான் கட்டிக்கொள்கிறீர்களா என்று இருவரையும் கேட்டார். அவர் உடனே பதில் சொல்லிவிட்டார். நான் கதவு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். தாழ்வாரம், படி, திடல், அதற்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. பின்சீட்டில் காண்டா கட்டியிருந்த சைக்கிள். ஆளைக் காணோம். அது யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். தோட்டத்துச் சைக்கிள் எல்லாம் ஒரே மாதிரிதானே?

அதிகாரி இரண்டாம் முறை கேட்ட பிறகுதான், "யா" என்றேன்.

கையெழுத்துப் போட்டோம். அங்கேயே மஞ்சள் கயிற்றைக் கட்டினார். தௌக்கே எங்களைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போய் ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அதுதான் விருந்து. கடையிலிருந்து வெளியே வந்தபோது மரத்தடியில் சைக்கிள் இல்லை.

அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் ஒளிந்து ஒளிந்து வருவார். மாமன் வேறு இடத்தில் பெண் எடுத்தார். அவர் மனைவிதான் எனக்கு இன்றுவரை நல்ல கூட்டாளி. தௌக்கே சொன்னதும் பலித்தது. பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் காலமானபோது சொக்சோ பென்ஷனுக்கு முதலில் கேட்டது அந்தத் திருமணப் பத்திரத்தைத்தான். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட ஒருத்தி, அதே கவுண்டரில் பக்கத்து நாற்காலியில் அழுதுகொண்டிருந்தாள்.

1986இல் என் மூத்தவன் பிறந்தான். பிள்ளையைப் பார்க்க அப்பா வந்தார். வந்தவர் எதுவும் பேசாமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே பிறப்பைப் பதிய நாங்கள் கிளம்பியபோது, "நானும் வர்றேன்" என்று சைக்கிளை எடுத்தார். பழைய கட்டடத்துக்கு முன்னால் வந்ததும் அதே மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கப்பா. வெயிலா இருக்கு" என்றேன்.

"நீ போயிட்டு வாம்மா" என்றார். "கதவு தொறந்துதானே இருக்கும்? இங்கேருந்து பாத்தா எல்லாம் தெரியும்."